அம்மாவைச் சுற்றிப் போன அலை

சுனாமி அடித்த அடுத்த வருடம், சித்திரை மாதம். கடலூரில் கடற்கரையோரம் இருந்த ஒரு மீனவ கிராமத்துக்குப் பால்வாடி டீச்சராகப் போனேன். எனக்குச் சொந்த ஊர் சிதம்பரம். காலையில் பஸ் பிடித்துப் போய் சாயங்காலம் திரும்புவேன். நர்சரி டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளுக்கு, நிவாரண வேலை செய்துகொண்டிருந்த ஒரு அமைப்பு கொடுத்த வேலை அது. “ஊரெல்லாம் கடலை வுட்டு ஓடுது, இவ கடலைத் தேடிக்கினு போறா” என்று வீட்டில் கேலி பேசினார்கள். நான் சட்டை செய்யவில்லை.

பள்ளிக்கூடம் என்பது தார் ஷீட் போட்ட கொட்டகை. பத்து மணி ஆனால் உள்ளே இட்லி வேகும். அதனால் பாதி நேரம் வெளியே, சவுக்கு மர நிழலில், மணலில்தான் எல்லாம். பிள்ளைகளுக்குச் சிலேட்டே தேவைப்படவில்லை. விரலால் ‘அ’ போடுவார்கள், கோணலாக வந்தால் கையால் தடவிவிட்டு மறுபடி போடுவார்கள். கிளிஞ்சல் பொறுக்கி வந்து பெரியது, சின்னது என்று பிரிப்பது கணக்குப் பாடம். நன்கொடையாக வந்த பிளாஸ்டிக் சறுக்குமரம் ஒன்றும் இருந்தது. அதன் மேல் சுற்றியிருந்த கவரைப் பிரிக்கக் கூடாது என்று எங்கள் சூப்பர்வைசர் உத்தரவு. “பார்க்க வர்றவுங்க வர்ற வரைக்கும் புதுசாவே இருக்கட்டும்மா” என்பார். பிள்ளைகள் அதை மூடிய கோயிலைப் பார்ப்பது மாதிரி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு மணலுக்குப் போய்விடுவார்கள்.

அங்கே நாலரை வயசுப் பெண் குழந்தை ஒருத்தி இருந்தாள். அலையில் அம்மாவைப் பறிகொடுத்தவள். அப்பா தினமும் இடுப்பில் தூக்கி வந்து, கொட்டகையில் கிடந்த பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போவார். உட்கார்ந்ததும் இரண்டு காலையும் மேலே தூக்கி மடித்துக்கொள்வாள். சாயங்காலம் அப்பா வந்து தூக்கும் வரை கால் கீழே வராது. யாராவது இறக்கிவிட்டால் ஊரே கூடும் அளவுக்கு அலறுவாள். மணல் என்றால் அவளுக்குத் தண்ணீர் வந்த இடம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

சமையலுக்கு இருந்த ஆயா அதே ஊர்க்காரர். “வுட்டுடுங்க டீச்சர், தானா சரியாவும்” என்றார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. வெளியிலிருந்து ஒரு பேசின் மணலை அள்ளி வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நாள் அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் ஒரு விரல் மட்டும் உள்ளே போனது. அப்புறம் கை. அப்புறம் பேசினுக்குள் தானே காலை வைத்துக்கொண்டு, விரல்களை மூடி மூடித் திறந்து பார்த்தாள். பேசினை நான் தினமும் ஒரு முழம் வாசல் பக்கம் நகர்த்தினேன். அவளும் கூடவே நகர்ந்தாள். மற்றப் பள்ளிக்கூடங்கள் திறக்கும் ஆனி மாதம் வந்தபோது சவுக்கு மரத்தடியில், மற்றப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தள்ளி, வெறும் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவளைத் தூக்க வந்த அப்பா, தூக்காமல் அப்படியே நின்றுவிட்டார். லுங்கி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நடந்து வர்றியா பாப்பா?” என்று கேட்டார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கர்வப்பட்டது கிடையாது.

அந்தச் சமயத்தில் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு விளையாட்டு கண்டுபிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மணலில் கட்டம் கட்டமாக வீடு வரைவார்கள். ஒருத்தர் அம்மா, ஒருத்தர் அப்பா, மற்றவர்கள் பிள்ளைகள். அம்மா சிரட்டையில் சோறாக்குவாள். ஒருத்தர் மட்டும் சவுக்கு மரத்தடியில் நிற்க வேண்டும். அவர்தான் அலை. “வருது, வருது!” என்று கத்திக்கொண்டு இரண்டு கையையும் விரித்து ஓடி வரும். அலை தொட்டவர்கள் மணலில் படுத்துவிட வேண்டும். பக்கத்தில் குவித்திருந்த செங்கல் மேல் ஏறிவிட்டவர்கள் பிழைத்தவர்கள்.

ஆயாவுக்கு இது ஆகவே ஆகாது. “அபசகுனம் புடிச்ச ஆட்டம்! வேற ஆட்டமே கெடைக்கலியா ஒங்களுக்கு?” என்று துடைப்பத்தோடு ஓடி வருவார். பெற்றவர்கள் சிலரும் முகம் சுளித்தார்கள். நான்தான் விடச் சொன்னேன். பெரிய படிப்பெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. ஆடி முடித்த பிள்ளைகள் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டார்கள், கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினார்கள். அதைக் கண்ணால் பார்த்தேன், போதாதா?

அலையாக நிற்க மட்டும் யாரும் வர மாட்டார்கள். சா பூ த்ரீ போட்டு, மாட்டிக்கொண்டவர் அழுதுகொண்டே போய் நிற்பார். ஒருநாள் அந்தக் குழந்தை எழுந்து வந்தாள்.

“நான் அலை” என்றாள்.

தடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் மரத்தடிக்குப் போய்விட்டாள். கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். வீடுகளை அழித்தாள், பிள்ளைகளைத் தொட்டாள், ‘அப்பா’வைத் தொட்டாள். எல்லாரும் தொப் தொப்பென்று படுத்தார்கள். சிரட்டையில் சோறாக்கிக்கொண்டிருந்த ‘அம்மா’விடம் வந்தபோது மட்டும் வேகத்தைக் குறைத்து, பாவாடை நுனி கூடப் படாத மாதிரி ஒதுங்கி, அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “அவளை மட்டும் ஏம்மா தொடல?”

“அவுங்க சோறாக்கினு இருந்தாங்க இல்ல டீச்சர்? அதான் அப்டியே சுத்திக்கினு போயிட்டேன்” என்றாள், இதுகூடவா தெரியாது என்பது மாதிரி.

அதற்குப் பிறகு தினமும் அவள்தான் அலை. தினமும் அம்மாவைச் சுற்றித்தான் போகும் அந்த அலை. மற்றப் பிள்ளைகளும் அதை ஒரு விதியாகவே ஏற்றுக்கொண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவாக வருகிறவள் செங்கல் பக்கமே ஓட மாட்டாள், அலை வந்தாலும் குனிந்த தலை நிமிராமல் சோறாக்கிக்கொண்டிருப்பாள். இப்படி ஆட ஆரம்பித்த பிறகு குழந்தை பேசினாள், சண்டை போட்டாள், எனக்குக் கிளிஞ்சல் கொண்டு வந்து கொடுத்தாள். ஆயாகூடத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்.

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் எதையாவது தங்கள் பாட்டுக்கு நன்றாகச் செய்துவிடக் கூடாது. உடனே அதை ‘ஐட்டம்’ ஆக்கிவிடுவோம். விருந்தாளி வந்தால் “ரைம்ஸ் சொல்லு”, “டான்ஸ் ஆடு” என்று நடு வீட்டில் நிறுத்துவோம். சூப்பர்வைசர் ஒருநாள் வந்து அந்த விளையாட்டைப் பார்த்தார். பிறகு, “என்னம்மா, இவ்ளோ டச்சிங்கான ஐட்டத்தை வச்சிக்கினு சொல்லாமலே இருக்கீங்க?” என்றார்.

அடுத்த வாரமே பெரிய ஆபீஸிலிருந்து ஒரு அம்மாவும், வீடியோ எடுக்க ஒருவரும் வந்து இறங்கினார்கள். சறுக்குமரத்தின் கவர் அன்றைக்குத்தான் பிரிக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் புது கவுன், புது டவுசர். உட்கார்ந்தால் அழுக்காகும் என்று காலையிலிருந்து நிற்கவைத்திருந்தார்கள். “சார், அந்த விளையாட்டு வேணாம் சார். அது அவுங்களுக்குள்ள ஆடிக்கிறது” என்று நான் வாசலிலேயே சொன்னேன்.

“அடுத்த வருஷம் இந்த சென்டர் நடக்கணுமா, வேணாமா?” என்று கேட்டார் சூப்பர்வைசர். அதோடு என் வாயை அடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆட்டம் தொடங்கியது. குழந்தை ஓடி வந்தாள், எல்லாரையும் தொட்டாள், அம்மாவைச் சுற்றிக்கொண்டு போனாள். கேமராக்காரர் தலையைத் தூக்கி, “அந்தப் பொண்ணை மட்டும் ஏன் விட்டுடுச்சு?” என்று கேட்டார். சூப்பர்வைசருக்குத் தன் மானமே போன மாதிரி ஆகிவிட்டது.

“பாப்பா, தப்பா ஆடற பாரு. அலைன்னா எல்லாரையும்தான இழுத்துக்கினு போவும்? இவளையும் தள்ளு” என்றார்.

நான் குறுக்கே போனேன். “சார், அது தப்பு இல்ல. அவ ஆடறதே அப்டித்தான். தயவுசெஞ்சி வுட்டுடுங்க.”

“நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. படத்துல வர்றீங்க.”

மறுபடி ஆடவைத்தார்கள். மறுபடியும் குழந்தை சுற்றிக்கொண்டுதான் போனாள். அப்போது அவர் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, கன்னத்தைத் தட்டி, ரொம்ப அன்பாகவே கேட்டார்: “ஒங்க அம்மாவ அலை இழுத்துக்கினுதான கண்ணு போச்சி? ஒனக்குத் தெரியாதா?”

குழந்தை அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். ‘அப்படியா டீச்சர்?’ என்று கேட்கிற பார்வை. நான் “போதும் நிறுத்துங்க!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவர் அம்மா வேஷத்தில் இருந்த பிள்ளையிடம், “அவ தள்ளலன்னா பரவால்ல, அவ கிட்ட வந்தா நீயே வுழுந்துடு” என்று சொல்லிவிட்டார். அதுவும் ஐந்து வயசுப் பிள்ளை. சாரிடம் பயம். அலை கிட்டே நிற்கிறதே என்று, சிரட்டையை ஓரமாக வைத்துவிட்டு, சொன்னபடியே மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

குழந்தை கையை விரித்தபடியே நின்றாள். நான் தூக்கப் போனேன், வரவில்லை. தானே நடந்து கொட்டகைக்குள் போனாள். பெஞ்சில் ஏறிக் காலைத் தூக்கி மடித்துக்கொண்டாள். வெளியே பெரிய ஆபீஸ் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ரொம்ப நல்லா வந்திருக்கு” என்று சொல்வது கேட்டது. அவரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. அந்த அழுகை உண்மையானதுதான். ஆட்டம் என்ன என்று அவருக்குத் தெரியாது. சூப்பர்வைசரைத்தான் வாய்க்கு வந்தபடி பேசினேன். “டீச்சருக்கு டென்ஷன்” என்று சொல்லி அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான்கு நாட்கள் குழந்தை வரவில்லை. ஐந்தாம் நாள் அப்பா மட்டும் வந்தார். சண்டைக்கு வருவார் என்று பயந்திருந்தேன். அவர் சண்டை போடவில்லை. கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

“தூக்கத்துல எழுந்து எழுந்து உக்காருது டீச்சரம்மா. ‘நான் தள்ளலப்பா, அம்மா தானா வுழுந்துட்டாங்க, நான் தள்ளல’ங்குது. நான் என்னான்னு சொல்றது?”

நடந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பெண்ணாடத்தில் கரும்பு வெட்டப் போன இடத்தில் தங்கிவிட்ட தன் தங்கை வீட்டில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டதாகச் சொன்னார். “அங்க கடலும் இல்ல, மணலும் இல்ல. அத்தைகிட்ட இருக்கட்டும்.” எழுந்து போகும்போது, “நீங்க நல்லாத்தான் பாத்துக்கினீங்க” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பேசின் மணலோடு பெண்ணாடத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும் என்று கிளம்பினேன். அத்தை வாசலிலேயே மறித்தார். “கடலூர்லேர்ந்து யார் வந்தாலும் அது மூலையில போயி ஒக்காந்துக்குது. வேணாம், போயிடுங்க” என்றார். நியாயம்தான். கதவிடுக்கில் ஒரு சின்னக் காலாவது தெரியுமா என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்து அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கர்சீப்பை எடுத்தார்கள். ‘அம்மா’ விழுகிற இடத்தில் வயலின் வாசித்திருந்தார்கள். கையை விரித்தபடி நிற்கும் குழந்தையின் முகத்தை அப்படியே திரை முழுக்க நிறுத்தினார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்குச் சால்வை போடுவதாக மைக்கில் கூப்பிட்டார்கள். நான் எழுந்து நேராக வெளியே வந்து, சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வேலையை விட்டுவிட்டதாக மறுநாள் சொல்லி அனுப்பினேன். “சால்வை போட வந்த மனுஷங்களை அவமானப்படுத்திட்டா, திமிர் புடிச்சவ” என்று சூப்பர்வைசர் எல்லாரிடமும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொல்லட்டும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இப்போது சிதம்பரத்தில் ஒரு நர்சரி பள்ளியில் இருக்கிறேன். வெளியே விட்டால் பிள்ளைகள் மண்ணில் என்னென்னவோ ஆடுகிறார்கள். சில ஆட்டங்களில் யாரோ செத்துப்போகிறார்கள், யாரோ பிழைத்துக்கொள்கிறார்கள். எதையும் நான் திருத்துவதில்லை, யாரையும் திருத்த விடுவதும் இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க வருகிற பெற்றோருக்கும் எனக்கும் வாரத்துக்கு ஒரு சண்டை நடக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இப்போது பன்னிரண்டு வயசுக்குக் குறையாது. எங்கே, எப்படி இருக்கிறாளோ, மறந்திருப்பாள் என்று நம்பத்தான் ஆசை. உலகத்தில் வேறு எங்குமே இல்லாமல், அந்த மண்ணில் வரைந்த வீட்டில் மட்டும் அவள் தன் அம்மாவை உயிரோடு வைத்திருந்தாள்; அங்கேயும் தேடிப் போய், கன்னத்தைத் தட்டி, அந்த அம்மாவைக் கொன்றுவிட்டு வந்தோமே என்பது மட்டும் எனக்கு இன்றைக்கும் ஆறவே இல்லை.