மகள் தரையிறங்கிய அன்று

விமானம் ஓட்டப் பழகப்போகிறேன் என்று மகள் சொன்னபோது வீட்டில் ஓம் சொன்னது நான் ஒருத்திதான். தகப்பன் கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட் பக்கம் எங்கள் அடுக்குமாடியில் இருக்கிற தமிழ்ச் சனமெல்லாம், பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று என்னைத்தான் கேட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "உங்கட பிள்ளையள் டொக்டருக்குப் படிக்கட்டும், நான் தடுத்தனானே?" என்று கேட்டு வாயை அடைத்தேன்.

அவள் முதல்முறை தனியே பறக்கிற நாளில் நான் போகாமல் வேறு யார் போவது? காலையிலேயே பயிற்றுநருக்கென்று ரோல்ஸ் பொரித்துக் கட்டிக்கொண்டு, நகரத்துக்கு வெளியே இருக்கும் அந்தச் சிறிய விமானத் திடலுக்குப் போனேன். பயிற்றுநர் நரைத்த தாடி வைத்த நோர்வேக்காரர். கையில் வானொலிக் கருவியோடு வேலியோரம் என் பக்கத்தில் நின்றார். மகள் மேலெழும்பி ஒரு சுற்றுச் சுற்றினாள். பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

இறங்கும்போது பக்கக்காற்று அடித்தது. விமானம் ஓடுபாதையில் மோதி, பந்து மாதிரி எழும்பி, மூக்குக் குத்த விழுந்தது. முன்சில்லு முறிந்தது. மூக்கிலிருந்த விசிறி ஓடுபாதைத் தாரை வெட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அது அப்படியே புல்லுக்குள் இழுபட்டுப் போனது.

பயிற்றுநர் அதை நோக்கி ஓடினார். நான் விழுந்து படுத்தேன்.

யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் குண்டு போட பொம்பர் விமானம் வந்தால் செய்யச் சொல்லி எங்களுக்குப் பழக்கியது அதுதான். குப்புறப் படு, காதைப் பொத்து, பல்லுக்கிடையில் எதையாவது கடி. ஒஸ்லோவில் இத்தனை வருசம் தலைக்கு மேலால் எத்தனையோ விமானங்கள் போயிருக்கின்றன, நான் அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு உடம்பு என்னைக் கேட்கவில்லை. ஈரப்புல்லில் முகத்தைப் புதைத்து, கம்பளிக் கையுறையைக் கடித்துக்கொண்டு, அடுத்த குண்டு எப்போது விழும் என்று கிடந்தேன். பிள்ளைக்கு என்ன ஆனது என்று தலையைத் தூக்கிப் பார்க்கவும் என்னால் முடியவில்லை.

தோளில் ஒரு கை பட்டது. மகள்தான். நெற்றியில் சின்னக் கீறல், வேறொன்றுமில்லை.

"அம்மா, எங்கை நோகுது? நெஞ்சோ?"

வானத்திலிருந்து விழுந்தவள் என்னைக் கேட்கிறாள். பதில் சொல்ல வாய் திறந்தால் வாய் முழுக்கக் கம்பளி.

டொக்டர் அவளைப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார். வீட்டுக்கு வரும் வழியில், ஏன் அப்படிக் கிடந்தனீங்கள் என்று கேட்டாள். அதுவரை அவளுக்கு நான் பொம்பரைப் பற்றி மூச்சு விட்டதில்லை. காரை ஓட்டிக்கொண்டே சொன்னேன்.

"விழேக்கை நான் பயப்படேல்லை அம்மா," என்றாள் கடைசியில். "கதவைத் திறந்து இறங்கினனான். நீங்கள் ஓடி வருவீங்கள் எண்டு பார்த்தன். உங்களைக் காணேல்லை. அப்பதான் பயம் வந்தது."

அந்த விமானம் தீப்பிடித்திருந்தாலும் நான் அங்கேதான், காதைப் பொத்திக்கொண்டு கிடந்திருப்பேன். காரை ஓரமாக நிறுத்தினேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "அடுத்த முறை நீங்கள் வரவேண்டாம் அம்மா," என்றாள்.