திரைச்சீலை அக்கா ஓட்டிய விமானம்

எங்கள் தெருவில் பாதி வீட்டு ஜன்னல்களில் அக்காவின் கைவேலைதான் தொங்குகிறது. திரைச்சீலை தைப்பது அவர் தொழில். கடைக்கு முறையான பெயர்ப்பலகை உண்டு, யாரும் படித்ததில்லை. ‘திரைச்சீலை அக்கா கடை’ என்றால் யாரும் வழி காட்டுவார்கள். ஒல்லியான ஆள். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம்.

அவர் கணவர், எங்களுக்கெல்லாம் அண்ணன், லிப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் பாதி வழியில் நின்றுபோன லிப்டுகளைக் கிளப்பிவிடுபவர். ஒருவர் மட்டும் உட்கார்ந்து பறக்கிற குட்டி விமானத்தைத் தானே வரைந்து தானே கட்ட வேண்டும் என்பது அவருடைய பைத்தியம். கல்யாணமான புதிதில் அவர் இதைச் சொன்னபோது, ஏதோ பேச்சுவாக்கில் சொல்கிறார் என்று அக்கா விட்டுவிட்டார். மனிதர் ஒருநாள் காரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு ஷெட்டுக்குள் அலுமினியக் குழாய்களை அடுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் அக்காவுக்கு விஷயம் உறைத்தது.

அவசரப்படாத மனிதர். இறக்கைக்குள் நிற்கும் மர விலாக்களை ஒவ்வொன்றாக அறுத்து, இழைத்து, ஒட்டி, பிடிக்காமல் பிய்த்து, மறுபடி ஒட்டுவார். வருஷங்கள் ஓடின. ஒருவழியாக இறக்கைகளுக்குத் துணி போர்த்தும் கட்டம் வந்ததும், அவர் கண் கடையிலிருந்த நீளமான வெட்டு மேசையின் மேல் விழுந்தது.

“துணி என் பொறுப்பு. நடுவுல வந்து கையை நீட்டக் கூடாது” என்றார் அக்கா.

நீட்டத்தான் செய்தார், திட்டும் வாங்கினார். அக்கா பாலியெஸ்டர் துணியை இழுத்து ஒட்டி, ஒவ்வொரு விலாவோடும் சேர்த்துத் தைத்து, மேலே இஸ்திரிப்பெட்டியை ஓட்டினார். சூடு பட்டதும் துணி சுருங்கி, தட்டினால் மேளம்போல் ஒலித்தது. கடைக்கு வந்தவர்கள், எந்த வீட்டு ஜன்னல் இவ்வளவு நீளம் என்று கேட்டார்கள். கொஞ்சம் உயரத்தில் இருக்கிற வீடு என்று சொல்லி வைத்தார்.

அதற்குள் இருவரும் ஊருக்கு வெளியே இருந்த விமானம் ஓட்டும் கிளப்பில் பயிற்சி முடித்திருந்தார்கள். தனியாகப் போக அவருக்குக் கூச்சம், அதனால் அக்காவும் கூடப் போனார். அங்கே கற்றுக்கொடுத்த வாத்தியாரம்மாவுக்கு அக்காவின் கை பிடித்துப்போனது. நீங்கள் விமானத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள், உங்கள் மனைவி தட்டிக்கொடுத்து ஓட்டுகிறார் என்று அண்ணனின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

சோதனை நாளும் வந்தது. கிளப்பின் புல்தரையில் அண்ணன் ஏறி உட்கார்ந்தார். இஞ்சின் அலறியது. விமானம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடியது, திரும்பியது, மறுபடி ஓடியது. சக்கரம் தரையை விட்டால்தானே. பின்னால் நின்று பார்க்க, பஸ்ஸைத் தவறவிட்டவர் ஓடுவது போலிருந்தது. இறங்கி வந்து இஞ்சினைச் சந்தேகப்பட்டார், விசிறியைச் சந்தேகப்பட்டார், காற்றையும் விடவில்லை. வாத்தியாரம்மா மட்டும் விமானத்தைப் பார்த்தார், பிறகு அண்ணனின் வயிற்றைப் பார்த்தார்.

அக்காதான் கேட்டார். “ஏங்க, விமானத்துக்கு வரைஞ்ச படத்துல உங்க எடைன்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது எப்ப பார்த்தது?”

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “நம்ம கல்யாணத்தப்போ.”

விமானம் வளர்ந்த வருஷங்களில் அவரும் பக்கவாட்டில் வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அக்கா சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சரி, அக்கா உட்காரட்டும், தரையில் ஓடுவதை மட்டும் பார்ப்போம் என்று முடிவானது. ஓட்டுபவர் லேசாக இருந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், வால் கனத்துவிடும். ஆகவே மூக்குப் பக்கம் ஒரு மணல்பையைக் கட்டினார்கள்.

அக்கா ஓட்டினார். பாதித் தரைகூடத் தாண்டவில்லை, சக்கரத்தின் கடகட சத்தம் நின்றுபோனது. விமானம் கிளம்பிவிட்டது என்பது அவருக்கு அந்த அமைதியில்தான் தெரிந்ததாம். மறுபடி இறக்கலாமா என்று பார்த்தார். மிச்சமிருந்த தரை போதாது, எதிரே வேலி. இஞ்சினைக் குறைக்காமல் மேலே ஏற்றினார்.

பயம் வந்ததா என்று கேட்டேன். பயத்தைவிட ஒரு கவலை வந்ததாம். தலைக்குமேல் இருந்த இறக்கையை நிமிர்ந்து பார்த்தபோது, இடப்பக்கம் ஒரு விலாவில் போட்ட தையல் கண்ணில் பட்டது. அண்ணனோடு சண்டை போட்ட அன்று கோபத்தில் போட்ட தையல். பிடிக்குமா, விட்டுவிடுமா? கோபத்தில் இழுத்துத்தான் தைத்திருந்தார். மற்றதைவிட அது இறுக்கமாகவே இருந்தது.

விமானம் இடதுபக்கம் சாய்ந்தது. ஓட்டும் கம்பியை வலப்பக்கம் அணைத்துப் பிடித்தபடி ஒரு வட்டம் வந்தார். இறங்கப் பார்த்தபோது உயரம் அதிகம், விட்டுவிட்டு இன்னொரு வட்டம் போனார். அந்த முறை சக்கரம் தரையைத் தொட்டு, துள்ளி, மறுபடி தொட்டு, வேலிக்கு முன்னால் நின்றது.

அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தார். “எப்படி இருந்துச்சு?”

“இடது பக்கம் சாயுது. கையை எடுத்தா அப்படியே கவுந்துடும் போல.”

அவர் சட்டென்று இறக்கைப் பக்கம் திரும்பிக்கொண்டு அளவு நாடாவைத் தேட ஆரம்பித்தார். நாடா கையில்தான் இருந்தது.

வீடு திரும்பும் வழியில் காரில், வருத்தமா என்று அக்கா கேட்டார்.

“பொறாமை” என்றார். “கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும், விடு.”

இடது இறக்கையின் சாய்மானம் வலதைவிட ஒரு துளி குறைவு என்று கண்டுபிடித்து மறுவாரமே சரிசெய்தார். உடம்பைச் சரிசெய்யத்தான் நாளானது. வேலைக்குப் போன இடங்களில் படியேறத் தொடங்கினார். அதில் ஒரு வம்பு வந்தது. லிப்ட் மெக்கானிக்கே லிப்டில் ஏற மாட்டேன் என்கிறாரே என்று ஓர் அடுக்குமாடியில் எல்லோரும் பயந்துபோய்க் கம்பெனிக்குப் புகார் செய்துவிட்டார்கள். மேலதிகாரி கூப்பிட்டு, தயவுசெய்து நாலு பேர் பார்க்க லிப்டில் போங்கள் என்று கேட்டுக்கொண்டார். பிறகு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியேறினார்.

ஒரு வருஷம் கழித்து, காற்று குளிர்ந்து கனமாக இருந்த ஒரு காலையில், அவரையும் அந்த விமானம் தூக்கியது. முக்கி முனகி இரண்டு மாடி உயரம் போனது. ஒரு வட்டம் வந்தார், பூப்போல இறங்கினார். அன்று கீழே நின்று விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தவர் அக்கா. மேலே உட்கார்ந்திருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, கீழே நிற்பதுதான் ஆகாத காரியம் என்று என்னிடம் சொன்னார்.