தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் ஓர் இயர்போன்

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடிக்கு வீட்டுக்காரர் படியேறி வருவது மிக அபூர்வம். ஆகவே அன்று மாலை அவர் வந்து கதவருகில் நின்றபோதே ஏதோ சிக்கல் என்று விளங்கிவிட்டது. அவர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர். தோட்டப்புறப் பாடசாலை ஒன்றில் நீண்ட காலம் படிப்பித்தவர் என்பதால் எங்களுடன் தமிழிலேயே பேசுவார்; 'ஐயா' என்பதற்கு மட்டும் 'மாத்தயா' என்பார்.

"பிழையா நினைக்க வாணாம், மாத்தயா. அந்தியில நீங்க சத்தமாப் போட்டுக் கேக்குற நாதஸ்வரம் எனக்குப் புடிக்கும். ஆனா ரோட்டுல போறவங்க நின்னு மேல பாக்குறாங்க. இந்த நேரத்துல வாணாமே."

வடக்கில் யுத்தம் மறுபடி மூண்டு, யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டிருந்த நேரம் அது. கண்டியில் எந்தத் தெருமுனையில் எப்போது சோதனைச் சாவடி முளைக்கும் என்று சொல்ல முடியாது. அடையாள அட்டையில் நாங்கள் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று பார்த்ததும், "ஐயோ, நேற்றுத்தானே வேறு ஆளுக்குக் கொடுத்தோம்" என்று வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கை விரித்த பிறகு கிடைத்த மேல்மாடி. இதை விட்டால் இன்னொரு கூரை கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கோ மனைவிக்கோ இருக்கவில்லை. நாதஸ்வரத்தை விடவும் எனக்கு மனமில்லை. பகல் முழுவதும் பிறருடைய கணக்குகளில் பிழை தேடுவதே என் உத்தியோகம். மாலையில் யாராவது ஒருவர் பிழையில்லாமல் வாசிப்பதைக் கேட்டால்தான் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கும்.

மனைவியின் தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய சிறிய எம்பி3 பிளேயர் ஒன்று அலுமாரியில் கிடந்தது. கூடவே வந்திருந்த இயர்போனில் தவில், பிஸ்கட் தகரத்தில் தட்டுவது போல ஒலித்தது. ஆகவே நல்ல இயர்போன் ஒன்று வாங்கத் தீர்மானித்தேன்.

மற்றவர்கள் கடைக்குப் போவார்கள், வாங்குவார்கள், வருவார்கள். நான் முதலில் நிபந்தனைகளை வகுத்தேன். எந்த வாத்தியமும் மற்றதை அமுக்கக் கூடாது. நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயி காதைத் துளைக்கக் கூடாது. தவிலின் தொப்பி என்னும் கனத்த தொனிப் பக்கம் வயிறு ஊதியது போல் வீங்கக் கூடாது. பின்னால் சுருதிக்கு ஒத்து ஊதுபவர் மூச்சு வாங்குவது தெரிய வேண்டும். விலை, ஒரு சுமாரான பட்டு வேட்டியின் விலையைத் தாண்டக் கூடாது. பரிசோதனைக்கு ஒரு திருவிழாக் கச்சேரியின் பதிவைத் தேர்ந்தெடுத்தேன். அதில் நாதஸ்வரம் முழுக்க இடப் பக்கம், தவில் முழுக்க வலப் பக்கம். பதிவு செய்தவர் இரண்டு ஒலிவாங்கிகளை இரண்டு ஊரில் வைத்தவர் போலும். இராக ஆலாபனையின் நடுவில் சனக் கூட்டத்தில் ஒருவர் இருமுவார். அந்த இருமல் தெளிவாகக் கேட்டால் இயர்போன் தேறியது. கேட்காவிட்டால் அடுத்த கடை.

ஒரு வேலையாகத் தெல்தெனியவுக்குப் போனபோது அங்கே தேடினேன். பிலிமத்தலாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கடை ஏறினேன். எல்லாக் கடையிலும் ஒரே நோய்: இடி போன்ற பேஸ் முழக்கம். அதற்குள் நாதஸ்வரக்காரர் வெள்ளத்தில் அகப்பட்டவர் போலத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகே, தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரி ஒருவரின் சிறிய கடையில் நிலைகொண்டேன். பிறர் காதில் போட்டதை என் காதில் போட எனக்கு அருவருப்பு. ஆகவே பஞ்சும் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர்ப் போத்தலும் பையில் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன்.

"சேர் டொக்டரா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லை. கணக்காய்வு."

"அதுதானே பார்த்தேன். டொக்டர்மார் இவ்வளவு பார்க்க மாட்டாங்க." ஒரு பளபளப்பான பெட்டியை எடுத்து நீட்டினார். "இதப் போட்டுப் பாருங்க சேர். பேஸ் நெஞ்சில வந்து இடிக்கும்."

"எனக்கு இடிக்கக் கூடாது. எல்லாம் சமமாக் கேக்க வேணும். இதிலை ஒரு ஆள் இருமுவார், அந்த இருமல் கேக்கயில்லை."

அவர் பளபளப்பான பெட்டியை மூடினார். "சேர், பாட்டுக் கேக்க வாங்குறீங்களா, இருமல் கேக்க வாங்குறீங்களா? இருமலுக்கு அடுத்த கடைதான். பாமசி ஈக்கி அங்க, மருந்து எடுக்கலாம்."

கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்போது இருமலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இப்படிப் பல சனிக்கிழமைகள் போன பிறகு, என்னைத் தொலைத்துக்கட்டும் எண்ணத்தில் போலும், உள்ளேயிருந்து ஒரு சாதாரணக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். "இது யாரும் வாங்கிறதில்ல சேர். பேஸ் இல்லன்னு திருப்பித் தாறாங்க. ஒங்களுக்குத்தான் அல்லாஹ் எழுதி ஈக்கி போல."

காதுத் துவாரத்துக்குள் அடைப்பான் போலப் போய் உட்காரும் ரப்பர் முனை. போட்டேன். நாதஸ்வரம் நாதஸ்வரமாக இருந்தது. தவில் தவிலாக இருந்தது. இருமியவர் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து இருமினார். அதைவிட அதிசயம், எதிரே பஸ் நிலையத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த கண்டக்டரின் வாய் மட்டும் அசைந்தது. சத்தமே இல்லை. வெளியுலகம் முழுவதையும் ஒரு ரப்பர் துண்டு நிறுத்திவிட்டது! இதை நான் மிகப் பெரிய தகுதியாகக் கணித்தேன். அன்றிரவு நாட்குறிப்பில் அடிக்கோடிட்டும் எழுதினேன்.

"இவ்வளவு நாளாத் திரிஞ்சு இதையே வாங்கினீங்கள்?" என்றாள் மனைவி. "ரெண்டு மிளகு, ஒரு நூல்."

கலவரங்களைக் கண்டவர்கள் காதால் வாழ்ந்தவர்கள். தெருவில் கேட்பது கல்யாண வெடியா வேறு வெடியா, ஓடி வருவது மாணவரா கும்பலா என்பது எங்களுக்கு யன்னலைத் திறக்காமலே தெரியும். அதே நான்தான், யுத்த காலத்தில், தேடித் தேடி, பேரம் பேசி, இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளும் சாமான் ஒன்றை வாங்கியிருந்தேன். அது ஒரு வாரமாக எனக்கு உறைக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் வழக்கம்போல உள்ளே தாழிட்டுக்கொண்டு, சாரமும் பெனியனுமாகக் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். தட்டுவது, விரல் எண்ணுவது, கையைத் திருப்புவது எல்லாம் ஒழுங்காக நடந்தன. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி மூன்றாம் காலத்துக்கு ஏறியது. முகத்தில் நிழல் விழுந்தது போலிருக்கக் கண்ணைத் திறந்தேன்.

படியோடு சேர்ந்த பால்கனியில், யன்னலுக்கு வெளியே ஒரு பொலிஸ் சார்ஜன்ட். அவருக்குப் பின்னால் துப்பாக்கியுடன் ஊர்காவல் படையினர் இருவர். நடுவில் வெளிறிய முகத்துடன் வீட்டுக்காரர். அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவருடைய வாயசைவு தாளத்துக்குச் சரியாகப் பொருந்துகிறதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த வினாடியில் என் புத்தி அவ்வளவுதான்.

ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். யார் யார் குடியிருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் பொலிஸ் பதிவு பார்க்க வந்தவர்களாம். தட்டினார்களாம், கூப்பிட்டார்களாம், கதவில் உதைத்தும் பார்த்தார்களாம். உள்ளே மின்விசிறி சுற்றுகிறது, ஆள் பதில் சொல்லவில்லை. யன்னலால் பார்த்தால் காதில் வயரும் கையில் சைகையுமாக ஒருவன் இருக்கிறான்.

"யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?" என்று சிங்களத்தில் கேட்டார் சார்ஜன்ட். "கையால் என்ன சமிக்ஞை அது?"

தாளம் என்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வதென்று எனக்கு அப்போது மறந்துபோயிற்று. பயத்தில் தமிழ்ச் சொல்லும்தான். எனக்காக வீட்டுக்காரர் சிங்களத்தில் பதில் சொன்னார்.

"அவர் கணக்குப் பார்க்கிறவர், சேர். ஞாயிற்றுக்கிழமையும் எண்ணாமல் இருக்க மாட்டார்."

சார்ஜன்ட் ஒரு முனையை எடுத்துத் தன் காதில் வைத்தார். தவில் பக்கம் அது. நெற்றி சுருங்கியது.

"பெரஹராவா?" கண்டியில் மேளமும் யானையுமாகப் போகும் பௌத்த ஊர்வலத்தைச் சொன்னார்.

"கோயில் திருவிழா, சேர்" என்றேன்.

"இரண்டும் ஒன்றுதான் சேர்" என்று வீட்டுக்காரர் அவசரமாகக் குறுக்கிட்டார். "இதில் யானைதான் இல்லை."

படையினரில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பால் அறையில் மூச்சு விட இடம் கிடைத்தது. அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள், கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், அடையாள அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்கள். போகும்போது சார்ஜன்ட் இயர்போனின் விலையைக் கேட்டார். சொன்னேன். துப்பாக்கி அகப்பட்டிருந்தால்கூட அவ்வளவு வியந்திருக்க மாட்டார். "அடுத்த முறை கதவை உடைப்போம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அவர்கள் போனதும் வீட்டுக்காரர் கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"மாத்தயா, நான் சத்தத்தைக் குறைக்கத்தான் சொன்னேன். செத்த வீடு மாதிரி இருக்கச் சொல்லல்ல. அவங்க கதவ ஒடச்சிருந்தா, பொறகு இந்த வீட்ட ஒங்களுக்குக் குடுக்க என் வீட்டு ஆக்களே விட மாட்டாங்க. ஒரு காதாவது எனக்கு வைங்க."

வைப்பதாக வாக்குக் கொடுத்தேன். அவர் இறங்கிப் போன பிறகு, வெட்கத்தைச் சமாளிக்க வேறு வழி தெரியாமல், சார்ஜன்ட் காதில் வைத்த முனையை ஓடிக்கொலோனால் துடைத்தேன்.

திருநீற்றுடன் திரும்பி வந்த மனைவி விடயத்தை முழுக்கக் கேட்டாள். "உங்களுக்கென்ன விசரே? நாடு கிடக்கிற கிடையிலை ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு இருப்பியளே?" பிறகு வயரைக் கையில் எடுத்து, அளந்து பார்ப்பது போல இழுத்துப் பார்த்தாள். "இனி நான் இல்லாமல் இதைப் போடக் கூடாது. ஒண்டு உங்களுக்கு, ஒண்டு எனக்கு. என்ரை மற்றக் காது ரோட்டுப் பக்கம் இருக்கட்டும். உங்கடை மற்றக் காது படிப் பக்கம்."

"அப்பிடியெண்டால் எனக்கு நாதஸ்வரம் மட்டும்தான் கேக்கும். தவில் முழுக்க உம்மடை பக்கம் போயிடும்."

"போகட்டும்."

அன்று மாலையே அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. யன்னலோரம் இரண்டு கதிரைகள், நடுவில் வயர். ஊரெல்லாம் அலைந்து சமநிலை தேடி வாங்கிய இயர்போனின் சரி பாதி என் இடக் காதில் இருந்தது. நாதஸ்வரக்காரர் தனியாக, துணைக்கு யாருமில்லாமல் வாசித்துப் போனார். தவிலின் தனியாவர்த்தனம் தொடங்கும் இடம் வந்ததும் அவரும் நிறுத்திவிட்டார். என் காதில் ஒத்தின் ரீங்காரமும் இருமலும்தான். பொறுக்க முடியவில்லை.

"இப்ப தவில் என்ன செய்யுது?"

அவள் தெருவைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டாள்.

"அடிக்கிறார்" என்றாள். "நல்லாத்தான் அடிக்கிறார். நீங்கள் படியைக் கவனியுங்கோ."