முன்னுக்குச் சாயும் கைறுன்னிஸா

பிரதீஸ் இறந்து வருகிற மாசியோடு ஒரு வருடம். வாழைச்சேனைத் துறைமுகத்தில் நின்றால் அதை நம்ப முடியாது. அங்குள்ள படகுகளில் பாதி அவனுடைய எழுத்தில்தான் பெயர் சொல்கின்றன.

அவன் ஸ்டிக்கர் கடை வைத்திருந்தான். கணினியில் கிடைக்கும் தமிழ் எழுத்தெல்லாம் கலியாண அழைப்பிதழுக்கென்றே பிறந்தவை என்று குறைப்படுவான். படகுக்கு வேண்டியது வேறு: தூரத்தில் தெரியக் கனம், சின்ன இடத்தில் அடங்க ஒடுக்கம், ஓடுவதுபோல ஒரு சாய்வு. அதனால் தானே உருவாக்கினான். உடைந்த தோணிப் பலகையில் காய்ந்த தூரிகையால் எழுதி, படம் பிடித்துக் கணினியில் ஏற்றினான். பலகையின் சொரசொரப்பு எழுத்தின் ஓரங்களில் அப்படியே தங்கிவிட்டது. கனம் கூடக்கூட ‘ன’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அவற்றைத் திறந்து வைக்கத்தான் அதிகம் பாடுபட்டான்.

அதை நம்பி முதலில் வந்தவர், எல்லோரும் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றழைக்கும் ஓட்டமாவடி மஜீட். புதுப் படகுக்கு மனைவி கைறுன்னிஸாவின் பெயர்.

“இதென்ன தம்பி, ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி இரிக்கி?”

“எலி இல்ல காக்கா, உப்புக் காத்து அடிச்சது.”

“படகு இன்னும் தண்ணியே காணல்லியேடா!”

பின்னேரம் படகை இறக்குவதாக ஏற்பாடு. வலப்பக்கம் ஒட்டியதைப் பார்த்து மஜீட் பூரித்துப்போனார். இடப்பக்கம் ஒட்டியதும் அவர் முகம் மாறியது.

“கிறுகி இஞ்சால வந்து பாரு. அங்கால படகு போகுது, இஞ்சால திரும்பி வருகுது. நான் எந்தப் பக்கத்தால கடலுக்குப் போற?”

உண்மைதான். வலப்பக்கத்தில் படகின் முன்புறம் நோக்கிச் சாய்ந்த அதே எழுத்து, இடப்பக்கத்தில் பின்புறம் நோக்கிச் சாய்ந்திருந்தது.

“வீட்ட உன்ன முன்னுக்குத் தள்ளுறவ, கடல்ல பின்னுக்கு இழுக்கிறா” என்றார் இயந்திரம் பூட்டிக்கொண்டிருந்த உசனார். எல்லோரும் சிரித்தார்கள், மஜீட்டைத் தவிர. முதல் ஓட்டத்தில் பின்னுக்கு இழுக்கும் பெயரா?

“ரெண்டையும் கழட்டு. பெயின்டால நேரா எழுதிக்கிறன்.”

முதல் படகே கழற்றி எறிந்தால் அந்தத் துறையில் வேறு யார் ஒட்டுவார்கள்?

“அசர் தொழுதிட்டு வாங்க காக்கா. அதுக்குள்ள திருத்தித் தாறன்.”

கணினியில் இடப்பக்கம் சரித்தான், சுழிகள் நசுங்கின. மீண்டும் பழைய பலகையை எடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் இடம் சாய்த்துக் கையால் எழுதி, படம் பிடித்து ஸ்டிக்கராக வெட்டினான். மஜீட் மனைவியோடு திரும்பி வந்தபோது கடைசி மூலையைத் துணியால் அழுத்திக்கொண்டிருந்தான்.

கைறுன்னிஸா படகை ஒருமுறை சுற்றி வந்தார். இரண்டு பக்கமும் முன்னுக்கே சாய்ந்திருந்தன.

“இது நானா? இவ்வளவு ஒல்லியா நான் எப்பயிருந்த?”

மஜீட்டுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

“இறக்குங்கடா படகை!”

படகு போனதும் எல்லோரும் கலைந்தார்கள். பிரதீஸ் மட்டும் போகவில்லை. போகும்போது உசனார் ஏனென்று கேட்டதற்கு, “அது கிறுகித் திரும்பட்டும், மற்றப் பக்கத்தையும் பார்க்கோணும்” என்றான்.