போன் சத்தத்துக்கு மந்திரித்துக்கொண்டேன்

போன வருஷம் ஆடி கழிந்து மழை பிடித்த சமயம். திண்டிவனத்தில் வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். தெருவில் என்னை வாயாடி என்பார்கள். அப்படிப்பட்டவள் ஒரு செல்போன் சத்தத்துக்கு நடுங்கினேன் என்றால் நம்புவீர்களா?

காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் ஒருநாள், காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். பைபாஸில் லாரி மோதி என் தம்பி போய்விட்டான் என்று யாரோ ஒருவர் சொன்னார். அதிலிருந்து போன் அடித்தாலே கை விறைக்கும், எடுக்க மாட்டேன். எடுத்தால்தானே கெட்ட சேதி, எடுக்காவிட்டால் எதுவும் நடக்கவில்லை என்று மனசு தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

சும்மா இருக்கவில்லை, எல்லாம் செய்து பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா யூடியூபில் எனர்ஜி ஹீலிங் பார்ப்பவர். பயத்தைத் தாளில் எழுதிக் கொளுத்தச் சொன்னார், கொளுத்தினேன். கல் உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, உடம்பிலிருந்து கறுப்புப் புகை வெளியேறுவதாக நினைக்கச் சொன்னார். எனக்கு அடுப்பில் தீயும் குழம்புதான் நினைவுக்கு வந்தது. ரிங்டோனை முருகன் பாட்டாக மாற்றினேன். கடைசியில் கோயில் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வந்தாலும் காதைப் பொத்திக்கொண்டேன். முருகனையும் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

என் மகள் விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஒருநாள் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். திரும்பத் திரும்ப அடித்திருக்கிறாள், நான் போனைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் வீட்டுக்கு வந்தவள் சண்டைகூடப் போடவில்லை.

"உனக்கு போன் பண்றதும் ஒண்ணு, செவுத்துகிட்ட பேசறதும் ஒண்ணு. இனிமே பண்ண மாட்டேம்மா" என்றாள்.

சொன்னபடியே நிறுத்தியும் விட்டாள். பெற்ற பெண் கையை விட்டுப் போகிறாளே என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கோட்டக்குப்பத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் என்னிடம் தைக்கக் கொடுப்பாள். அவள் எதிரில் ஒருநாள் போன் அடிக்க, கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன்.

"நீங்க நல்லா பயந்துக்கினு இருக்கீங்கக்கா. சாயங்காலம் தொழுகை முடியற நேரத்துல பள்ளிவாசல்கிட்ட போய் நில்லுங்க. ஓதி ஊதுனா சரியாப் பூடும்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் குழந்தை தூக்கத்தில் வீரிட்டு அழுதால், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் பள்ளிவாசல் வாசலில் தூக்கிக்கொண்டு போய் நிற்பதுதான் வழக்கம். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஓதி, குழந்தை முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். என் மகளுக்கும் ஊதியிருக்கிறார்கள். ஆனால் நரை விழுந்த பிறகு தனக்கே ஊதிக்கொள்ளப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் போய், கைக்குழந்தைக்காரிகளோடு வரிசையில் நின்றேன். வெள்ளைத் தாடி வைத்த பாய் ஒருவர் ஒவ்வொரு குழந்தையாக ஊதிக்கொண்டே வந்து என் இடுப்பைப் பார்த்தார்.

"புள்ள எங்கம்மா?"

"புள்ளைக்கு இல்லீங்க பாய், எனக்குத்தான். போன் அடிச்சா பயமா இருக்கு."

பக்கத்தில் நின்றவள் களுக்கென்று சிரித்தாள். பாய் சிரிக்கவில்லை. "எனக்கும் அதே பேஜாருதாம்மா. பையன் சவுதில இருக்கான். அவன் பேரு வராம வேற நம்பர் வந்துச்சின்னா கை ஓட மாட்டேங்குது" என்றார். பிறகு கண்ணை மூடி ஓதி, என் தலைக்கு மேல் ஊதினார்.

தொழுகைக்காக அணைத்து வைத்திருந்த தன் போனை அவர் அங்கேயே நின்று ஆன் செய்தார். உடனே மணி அடித்தது. பேர் இல்லை, வெளிநாட்டு நம்பர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கண்ணாடி எடுத்தாரல. யாருன்னு கேளும்மா" என்று என்னிடம் நீட்டினார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

வாங்கிவிட்டேனே தவிர, எனக்கும் எடுக்க வரவில்லை. தம்பி போன அந்தக் காலை கண்முன் வந்து நின்றது. பாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பச்சைப் பொத்தானைத் தள்ளினேன்.

"அத்தா?" என்றது ஓர் இளைஞன் குரல்.

"அத்தா பக்கத்துல இருக்காரு. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேங்க. என் போனு ஒடைஞ்சு பூடுச்சு. கூட்டாளி போன்ல பேசறேன்."

"உங்க பையன்தாங்க, நல்லா இருக்காரு" என்று போனைக் கொடுத்தேன். அந்த மனிதர் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பேசினார். போகும்போது, "நீ இல்லன்னா எடுக்காமலே உட்டிருப்பேம்மா" என்றார்.

தெருமுனைக்கு வந்ததும் மகளுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காத போனுக்கு இந்தப் பக்கம் காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் உறைத்தது. கடைசியில் எடுத்தாள்.

"என்னாம்மா ஆச்சு? அப்பாவுக்கு என்னா?" குரல் நடுங்கியது. நானாக அவளுக்குப் போன் செய்து அவ்வளவு காலமாகியிருந்தது.

"ஒண்ணும் இல்லடி. சும்மாதான் பண்ணேன்" என்றேன். அவள், "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாள். நடுத்தெருவில் நின்று அழுதேன்.

பாய் ஊதியது வேலை செய்ததா, அவருக்காக நான் எடுத்தது வேலை செய்ததா, தெரியாது. மணி அடித்தால் நெஞ்சு இன்னும் திக்கென்றுதான் இருக்கிறது. ஆனாலும் எடுத்துவிடுகிறேன். நான் யாருக்காவது போன் செய்தால், அவர்கள் அலோ சொல்லி முடிக்கும் முன்பே, "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன். அந்தப் பக்கம் யார் என்ன பயத்தோடு எடுக்கிறார்களோ.