பெட்டியைத் திறந்து வைத்தவர்

கல்கத்தாவில் பேடண்ட் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது கீரனூரில் எங்கள் தெருவில் யாருக்கும் அது என்ன என்று விளங்கவில்லை. பேடண்ட் என்றால் அவர்கள் அறிந்தது சீசாவில் வரும் பேடண்ட் மருந்து ஒன்றுதான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெரியப்பா முறையுள்ள ஒருவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "இதுக்கு ஒங்க ஆபீசுல நல்லதா ஒண்ணு இருந்தா கொண்டாப்பா" என்பார். பல தடவை விளக்கிப் பார்த்தேன். கடைசியில் ஓமத் திராவகம் ஒரு சீசா வாங்கிக் கொடுத்துவிட்டேன். நன்றாகக் கேட்டது என்றார்.

இன்று காப்புரிமை என்று அழகாகச் சொல்கிறார்கள். ஒருவர், 'இதை முதலில் செய்தவன் நான்; இத்தனை காலத்துக்கு என் அனுமதி இல்லாமல் வேறு யாரும் செய்யக் கூடாது' என்று விண்ணப்பம் போடுவார். அதை வேறு யாராவது முன்பே செய்திருக்கிறார்களா என்று பழைய காகிதங்களைக் கிளறிப் பார்ப்பது என் பிழைப்பு. பெரும்பாலும் எவராவது செய்துதான் இருப்பார்கள். நாளெல்லாம் 'இதில் புதிது ஒன்றுமில்லை' என்று எழுதி எழுதி, அந்த வாக்கியம் வீட்டிலும் என் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மனைவி ஆசையாகப் புதுவிதமாக ஒரு குழம்பு வைத்தால்கூட, "இது எங்க அத்தை வச்சதுதான்" என்பேன். "சோத்தை ஒங்க பைலுக்கே போடுங்க, நான் பொறந்த வீட்டுக்குப் போறேன்" என்பாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

என் மேசைக்கு வந்தவை ரேடியோ சம்பந்தமான விண்ணப்பங்கள். அதிலும் அலைகளை வடிகட்டும், படிகக்கல் வைத்த பில்டர்கள் அந்த வருடங்களில் நிறைய வந்தன. குவார்ட்ஸ் கல்லை வெங்காயத் தோல் கனத்துக்குச் சீவி அதில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் கல் அதிரும். அந்த அதிர்வு கல்லுக்குள் ஓடும் ஒரு ஒலி அலை, காதுக்குக் கேட்காத ஒலி. ஊஞ்சலை அதன் போக்கு அறிந்து தள்ளினால்தான் ஏறும். அதேபோல் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்தில் வரும் அலையை மட்டும் அது மறுபக்கம் விடும், மற்றதைத் தள்ளிவிடும். நெருக்கமாக நிற்கும் இரண்டு ரேடியோ நிலையங்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க இது போதும். விண்ணப்பம் போடுவதெல்லாம் வெள்ளைக்காரக் கம்பெனிகள். வக்கீல் மூலம் வரும் அந்த ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்கு ஓடும். மூச்சு விட இடம் தேடிக்கொண்டே படிக்க வேண்டும்.

அப்படி ஒரு நாளில், வக்கீல் யாரும் இல்லாமல், மணமேல்குடியிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது.

போட்டவர் யுத்த காலத்தில் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்து, கடலோரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அந்தக் கரையில் உள்ள தொல்லை எனக்குத் தெரியும். திருச்சி நிலையத்தில் வானிலை அறிக்கை வாசிக்கும் நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கைப் பாட்டு வந்து மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாட்டு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாளைக்குக் கடலுக்குப் போகலாமா கூடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பவனுக்குப் பாட்டா முக்கியம்? இவர் பட்டாளத்துப் பழைய கற்களை வாங்கி, கண்ணாடியில் பொடி தூவித் தேய்த்து, இரண்டு இரண்டாகச் சேர்த்துத் திருச்சியை மட்டும் பிரிக்கும் ஒரு பில்டர் செய்திருந்தார்.

இரண்டு கல்லைச் சேர்ப்பது பழைய சங்கதி. நிராகரிக்கச் சிவப்பு மைப் பேனாவை எடுத்துவிட்டேன். அடுத்த பக்கத்தில் கை நின்றது. இந்தக் கற்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தன் சொந்த அலையோடு நில்லாமல், ஓரத்தில் மோதித் திரும்பும் அதிர்வால் வேண்டாத வேறு சில அலைகளையும் உள்ளே விட்டுவிடும். அதை அடக்கப் பெரிய கம்பெனிகள் என்னென்னவோ செய்துகொண்டிருந்தன. இவர், வத்தைப் படகில் பலகை இடுக்கை அடைக்கக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்களே, அந்தக் கலவையில் ஒரு பொட்டு எடுத்துக் கல்லின் ஓரங்களில், குறிப்பிட்ட இடங்களில் மட்டும், வைத்திருந்தார். ஓரத்துக்கு ஓடி வரும் அதிர்வு அந்தப் பிசினில் அமுங்கிச் செத்துவிடும். உப்புக் காற்றும் உள்ளே போகாது. எங்கே வைக்க வேண்டும், எங்கே வைத்தால் கல்லே ஊமையாகிவிடும் என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்.

தேடினேன். அலமாரி அலமாரியாகத் தேடினேன். ஒருவரும் இதைச் செய்திருக்கவில்லை. எனக்கு உண்டான சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குப் போய், "எங்க ஊர்ப்பக்கத்து மனுசன் ஒருத்தர் புதுசா ஒண்ணு பண்ணிருக்கார்" என்றேன். மனைவி என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

மறுநாள் கோப்பின் கடைசித் தாளைப் படித்தேன். அது தமிழில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் யாருடையது என்ற கேள்வி வந்தால் பத்திரத்தைத் தேடுவதற்கு முன் ஊரைக் கேட்பார்கள். என் அப்பாவுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வரப்புத் தகராறு வந்தபோது, நாலு பேர் வந்து, "எங்களுக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அது அவுகளுதுதான்" என்று சொன்னதோடு அது முடிந்தது. ஊர் அறிந்தது என்பதற்கு மேல் ஒரு ருசு கிடையாது. மணமேல்குடிக்காரரும் அதைத்தான் செய்திருந்தார். போன வருடத்து அம்மன் கோயில் திருவிழாவில் தன் ரேடியோ செட்டை வைத்து ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறார். அப்போது அங்கே வந்த திருச்சி ரேடியோ வியாபாரி ஒருவர் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "இதை நான் பதிஞ்சுக்கிட்டா நீ செய்யறதுக்கே என்னைத்தான் கேக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் போயிருக்கிறார். இவர் பயந்துபோய் விண்ணப்பம் எழுதி, கூடவே ஊர்க்காரர்களின் சாட்சியையும் இணைத்துவிட்டார். 'கீழே ஒப்பமிட்ட நாங்கள், போன வருடம் அம்மன் சந்நிதியில் இன்னார் இந்தக் கருவியைத் திறந்து காட்ட, குங்கிலியம் வைத்த இடம் உட்பட எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தோம்; இது அவர் செய்ததே அன்றி வேறு யாரும் செய்ததல்ல.' கீழே கையெழுத்துகள், அதைவிட அதிகமாகக் கைநாட்டுகள்.

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு தாளை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

எங்கள் சட்டம் இதற்கு நேர் எதிர். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் சங்கதி வெளியே தெரிந்துவிட்டால் அது புதிது அல்ல, எல்லாருக்கும் பொது. வயலை ஊர் அறிய உழுதால் அது உன்னுடையது. கருவியை ஊர் அறியக் காட்டினால் உன்னுடையது அல்ல. தன் உரிமைக்கு அரண் என்று அவர் கட்டி அனுப்பிய தாள்தான் அவர் உரிமையை அடியோடு பெயர்த்தது. எனக்குக் கோபமான கோபம் வந்தது. உன்னை யாரய்யா சாட்சி கேட்டது என்று அந்தத் தாளைப் பார்த்தே திட்டினேன். எந்த வெள்ளைக்காரக் கம்பெனியாவது இப்படித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமா?

கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்து மேலதிகாரியிடம் வைத்தேன். அவர் வங்காளி, மீன் பிரியர். கடலோரத்து ஊர் என்றதும் முதலில் அங்கே என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டார். பிறகு தாளைப் படித்தார், குங்கிலியப் படத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கூட்டமாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எதையும் பார்த்தோம் என்பார்கள். செய்தவர் வாயால் வரட்டும். பெட்டி மூடியிருந்து, ஜனங்கள் சத்தத்தை மட்டும் கேட்டிருந்தால் விஷயம் வேறு" என்றார். நேரில் வந்து சொல்லும்படி மணமேல்குடிக்காரருக்குக் கடிதம் போயிற்று.

ரயிலேறி வந்து சேர்ந்தார். நிமிர்ந்த முதுகு, கத்தரித்த மீசை, காக்கிக் கால்சட்டை. வேட்டியில் பொதிந்த செட்டை மடியில் வைத்துக்கொண்டு மேலதிகாரியின் அறையில் உட்கார்ந்தார். நான் நடுவில் மொழிபெயர்ப்பாளன்.

"திருவிழாவுல செட்டு வச்சப்ப பொட்டி மூடியிருந்துச்சா, தெறந்திருந்துச்சா?"

"தெறந்துதான் வச்சிருந்தேன்" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

மேலதிகாரி பேனாவை எடுக்கவில்லை. கடற்காற்று, தூசி, கூட்டம்; கல் கெட்டுப்போகும் என்று பாதுகாப்புக்காக மூடியிருப்பாரோ, மறுபடி கேள் என்றார். அந்த வங்காளி, இவர் தப்பிக்க ஒரு கதவையே திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டேன்.

"தூசி படத்தான் செஞ்சுச்சு. அதுக்காக மூட முடியுமா? மூடுன பொட்டிக்கு எவன் சாட்சி சொல்லுவான்? பொம்பளையாளுக, வத்தைக்காரவுக எல்லாரும் வரிசையா வந்து பாத்தாக. குங்கிலியம் எங்கிட்டு இருக்குன்னு குச்சியால தொட்டுத் தொட்டுக் காட்டுனேன்."

சட்டத்தை அவருக்கு எடுத்துச் சொல்லும் வேலையும் என்னுடையதே. சொன்னேன். கடைசியில் அவர் கேட்டார்: "அப்ப அந்த யாவாரி இதைத் தன் பேருல பதியலாமா?"

"முடியாதுங்க. இனிமே யாராலயும் முடியாது."

"செஞ்சு விக்கலாமா?"

"விக்கலாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?"

"கேக்காமலே."

செட்டை மறுபடி வேட்டியில் சுற்ற ஆரம்பித்தார். மேலதிகாரி எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். நானும் அந்தப் பக்கத்துக்காரன் என்று அப்போதுதான் சொல்லிக்கொண்டேன். "கீரனூரா? சொல்லவே இல்லையே!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, மூடியிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? ரெண்டு தரம் கேட்டமே, வெளங்கலையா?" என்று சத்தம் போட்டேன்.

"வெளங்காம என்ன தம்பி? பட்டாளத்துல இருந்தவன் நான். ரெண்டாந்தரம் கேக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு." டீயை ஊதிக் குடித்தார். "நான் மூடியிருந்துச்சுன்னா, கண்ணால பாத்தோம்னு கைநாட்டு வச்ச அத்தனை பேரும் பொய்ச்சாட்சி ஆயிருவாகளே. எனக்காகத்தான வச்சாக?"

அழுகை வந்தது, தாழ்வாரத்தில் குமாஸ்தாக்கள் போய் வந்துகொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எங்கள் வழக்கப்படி, ஏற்கப்படாத விண்ணப்பம் அச்சில் ஏறாது. குங்கிலியம் வைத்தவர் இன்னார் என்று ஒரு வரிகூட எங்கும் வெளிவரவில்லை.

இரண்டொரு வருடம் கழித்து விடுமுறையில் மணமேல்குடிக்குப் போனேன். வியாபாரியின் செட்டுகள் அதற்குள் கடற்கரை முழுக்கப் பரவியிருந்தன. மணமேல்குடிக்காரரின் கடை மேசையிலேயே ஒன்று ரிப்பேருக்கு வந்து வயிறு திறந்து கிடந்தது. "குங்கிலியத்தை அப்பி வச்சிருக்கான் பாருங்க, தோசைக்கு எண்ணெய் விட்ட மாதிரி. கல்லு எப்படிப் பாடும்?" என்று சொல்லிக்கொண்டே பழையதைச் சுரண்டி எடுத்து, வைக்க வேண்டிய இடத்தில் ஊசிமுனையால் புதிதாக வைத்தார். செட்டுக்காரர், ஒரு வத்தை ஓட்டுபவர், பக்கத்திலேயே குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு எரியலையாண்ணே?" என்று கேட்டேன்.

"எரியாம இருக்குமா? அவன் செட்டு ஒவ்வொண்ணு வாரப்பவும் எரியும். ஆனா இவுக விடியக்கருக்கல்ல கடலுக்குப் போகணும்ல."

மூடியைப் பொருத்தி முடுக்கினார். திருச்சி தனியாக, தெளிவாக வந்தது. முன்பக்கத்தில் வியாபாரியின் பெயர் பித்தளை எழுத்தில் பதித்திருந்தது, உப்புக் காற்றில் பச்சை பூத்து. ஒரு துணியை எடுத்து, பளபளப்பு வரும்வரை அந்தப் பெயரையும் தேய்த்துத் துடைத்துவிட்டுச் செட்டை வத்தைக்காரரிடம் கொடுத்தார்.