மோட்டாருக்கு ஒரு மக்குத் தண்ணீர்

தொண்ணூற்று நான்காம் வருடம், கார்த்திகை மாதம். ஆய்வகக் கதவுக்கு வெளியே கயல்விழி வாயை அசைத்துக்கொண்டே நின்றாள். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்து, கணக்கில் இருநூறும் வாங்கி இன்ஜினியரிங் சேர்ந்தவள். இங்கே எல்லாம் இங்கிலீஷ். புரியாததையெல்லாம் முழுசாக மனப்பாடம் செய்துவிடுவாள்.

பம்பு ஆய்வகத் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றாயிற்று. "இந்தத் தடவையும் போச்சுன்னா ஊட்டுக்கு வந்துரு கண்ணு. தறி ஓட்டிப் பொழைச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அப்பா காளிச்சாமி கருமத்தம்பட்டியிலிருந்து வந்து கல்லூரி வாசலில் நிற்கிறார்.

"ஏ புள்ள, வெத்தல மெல்லறாப்புல இருக்குது. நிறுத்து" என்றாள் பின்னால் நின்ற மாசாணியம்மாள். சென்னிமலைப் பக்கத்துப் பெண். அவளும் இரண்டாம் தடவைதான்.

கயலின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியூர்ப் பரீட்சகர் நிமிரவில்லை. "வாட் இஸ் பிரைமிங்?"

கயல் கண்ணை மூடிக்கொண்டு பம்பு என்றால் என்ன, அதன் வகைகள் என்னென்ன என்று ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தினார். "ஒன்லி பிரைமிங்." நடுவிலிருந்து சொல்ல அவளுக்கு வராது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அவர் பேனா மார்க் தாளில் இறங்கியது.

"போகலாம்."

அடுத்த பெண்ணுக்காக ஆய்வக உதவியாளர் பாலுசாமி ஒரு மக்குத் தண்ணீரைப் பம்பின் வாயில் ஊற்றினார். காற்று குபுகுபுவென்று வெளியேறித் தண்ணீர் தளும்பியது. கயல் அங்கேயே நின்றுவிட்டாள். பள்ளிக்கூடம் போகுமுன் பண்ணையத்துக் கிணற்றடியில் தினமும் அவள் செய்த வேலை அது. ஊற்றாமல் ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் வெறுமனே உறுமும், தண்ணீர் ஏறாது.

"அண்ணா, இதுக்குப் பேர் என்னங்க?"

"பிரைமிங், அம்மணி."

அவள் திரும்பினாள். "சார், இது எனக்குத் தெரியுமுங்க! உள்ள காத்து நின்னுதுன்னா..."

"மார்க் போட்டாச்சும்மா. நெக்ஸ்ட்!"

கதவருகே மாசாணியின் தோளை இறுக்கிப் பிடித்தாள். "பிரைமிங்னா மோட்டாருக்குத் தண்ணி ஊத்தறது புள்ள. முதல்ல இருந்து ஆரம்பிக்காத. தமிழ்ல வந்தாலும் சொல்லிப்போடு."

"அட, அதா!"

மாசாணி உள்ளே போனாள். "சார், ஏர்... ஏர் கோயிங்..." என்று குரல் கேட்டது. அதற்குள் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

கல்லூரி வாசலில் மகளின் முகத்தைப் பார்த்ததும் காளிச்சாமி துண்டைத் தலைக்குச் சும்மாடாகச் சுற்றினார். "பெட்டி எங்க கண்ணு?"

"ஹாஸ்டல்லங்க. சித்த இருங்கப்பா, மாசாணி வரட்டும்."

"அவகிட்ட என்ன கேக்கோணும்?"

"அவளையாச்சும் முழுசாச் சொல்ல உட்டாங்களான்னுங்க."